ஹெப்சியின் வெள்ளிக்கிழமைகள்

ஹெப்சிபா எதற்கெடுத்தாலும் சரி என்கிறாள் என்று கேள்விப்பட்டபோதுதான் சுகுணாவுக்கு முதன்முதலாகச் சந்தேகம் தட்டியது.

ஹெப்சிபா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அது ஒரு பெரிய விஷயமே இல்லை. கோயம்புத்தூரில் இப்போது வீதிக்கு நாலு வீட்டில் செத்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருக்கும்போதே ‘உடனிருப்பு’ என்ற நிறுவனத்தில் பெயர் கொடுத்துவிட்டால் போதும். சில மாதம் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்து, ஞாபகங்களை எல்லாம் வாங்கி, எங்கோ ஒரு சர்வரில் சேர்த்துவைத்துவிடுவார்கள். ஆள் போன பிறகு வீட்டில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி வந்து உட்காரும். கேட்டால் பதில் சொல்லும், போனவரின் குரலிலேயே. சுகுணாவுக்கு இதெல்லாம் ஆகாது. கல்யாணமே வேண்டாம் என்று எழுபது வயது வரை தனியாக இருந்துவிட்ட தனக்கு, செத்த பிறகு யாரிடம் போய்ப் பேச வேண்டியிருக்கிறது என்று கேட்பாள்.

தகவல் சொன்னது கனடாவில் இருக்கும் ஷைனி, ஹெப்சியின் ஒரே மகள்.

“ஆன்ட்டி, அப்பா ஆபரேஷன் வேண்டவே வேண்டாங்கிறாங்க. வால்வை உடனே மாத்தணும், தள்ளிப்போட்டா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்பா எது சொன்னாலும் இப்ப அம்மா சரிங்கிறாளாம், ஆபரேஷனையும் அம்மாவே வேண்டாம்னுட்டாளாம். இதுக்கு மேல நான் என்ன பேச?”

“யாரு, ஹெப்சியா? ஹெப்சியா வேண்டாம்னா?”

“ஆமா ஆன்ட்டி. ‘போதும், எதுக்கு இந்த வயசுல அறுத்துக்கிட்டு’ன்னாளாம்.”

சுகுணா போனை வைத்தாள். பல்வலி என்று ஒருநாள் முனகியதற்காகப் புருஷனை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இழுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடியவள் ஹெப்சி. அவள் வாயில் ‘போதும்’ என்ற சொல் சாம்பாருக்குக்கூட வந்ததில்லை. பரணிலிருந்த பழைய லேப்டாப்பை இறக்கித் தூசி தட்டிப் பையில் போட்டுக்கொண்டு, சிங்காநல்லூருக்கு ஆட்டோ பிடித்தாள்.

ஹெப்சியின் கணவர் ஜெபசிங் இளைத்துப் போயிருந்தார். கதவைத் திறந்துவிட்டு நாற்காலி வரை நடந்ததற்கே மூச்சு வாங்கியது. ஆனாலும் முகத்தில் பழைய சிரிப்பு இருந்தது.

“வாங்க சுகுணா. ஷைனி ஏவிவிட்டாளாக்கும்?”

“ஏவாம இருந்திருந்தா உங்களைப் பாக்க வந்திருக்க மாட்டனாட்டம் பேசறீங்க. என்னங்க இது, பாதி உடம்பைக் காணோம்?”

“வயசாச்சுல்லா. ஹெப்சி, யாரு வந்திருக்கான்னு பாரு.”

அலமாரியில் பெட்டியின் விளக்கு பச்சையாக ஒளிர்ந்தது. “சுகுணாவா? எம்மாடி, எத்தன நாளாச்சு! இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்.”

குரல் அச்சு அசலாக அவளேதான். கடற்கரை ஊரிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் மாறாத அந்த இழுப்பு அப்படியே இருந்தது. ஆனால் ஹெப்சி ஒருநாளும் சுகுணாவை ‘இருங்க’ என்று மரியாதையாகச் சொன்னதில்லை. வாடி போடிதான். ‘இருங்க’ என்று சொல்கிற பழக்கம் ஜெபசிங்குக்குத்தான்.

“ஹெப்சி, நாம மூணு பேரும் மூணாறு போனமே, அங்க நீ ஆத்துல செருப்பை விட்டுட்டு அழுதயே, ஞாபகமிருக்குதா?”

“மறக்க முடியுமா சுகுணா? நல்ல செருப்பு அது. நீங்கதானே எடுத்துத் தந்தீங்க.”

சுகுணா ஜெபசிங்கைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“நாம மூணாறு போகவே இல்லை, ஜெபா.”

“எல்லாருக்கும் மறதி வரத்தான் செய்யும். அவளுக்கும் வந்திருக்கும்.” குரல் கோபமாக வந்தது. “எங்கிட்ட அவ இருக்கா. காலையில எழுப்புதா, ராத்திரி ஜெபம் சொல்லுதா. அதைப் போயி சோதிச்சுப் பாக்க உங்களுக்கு எப்படி மனசு வருது?”

“சோதிக்கச் சொல்லிக் குடுத்ததே அவதானுங்க.”

அது உண்மைதானே.

நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் பீளமேட்டில், மோட்டார் பம்பு விற்கும் ஒரு கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் அவர்களுடைய அலுவலகம் இருந்தது. பஞ்சாலைகளுக்கும் பின்னலாடைக் கம்பெனிகளுக்கும் கணினி வேலை செய்து தருவார்கள். சர்வர் அறை ஒன்றில்தான் ஏசி உண்டு. அதனால் சித்திரை வெயிலில் எல்லோருக்கும் அங்கேதான் ஏதாவது வேலை இருக்கும். தயிர்சாத டப்பாக்கள்கூட அந்த அறையில்தான் காத்திருக்கும். அந்த அறைக்கு ராணி ஹெப்சி. சர்வர்களுக்கு அவள்தான் பெயர் வைத்தாள், எல்லாம் அவள் ஊர்க் கடலில் கிடைக்கும் மீன்களின் பெயர். நெத்திலி, வாவல், எல்லாவற்றுக்கும் பெரியதாக சீலா. மேலாளர் முட்டைகூடத் தொடாத மனிதர். வாடிக்கையாளர் கூட்டத்தில் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ‘காலையிலிருந்து நெத்திலி சரியில்லைங்க’ என்று சொல்ல வேண்டிவரும்போது கடைசி வரிசையில் மூன்று பேர் மேசைக்கடியில் பேனா தேடுவார்கள்.

ஜெபசிங் அங்கே புதிதாகச் சேர்ந்தபோது செய்த காரியத்தை அந்த அலுவலகம் சாகும்வரை மறக்கவில்லை. ஒரு மில்லுக்குப் புது சர்வர் வைத்தார்கள். இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார், ‘வெற்றி’ என்று வந்தது, எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் மில்லில் ஒரு கணக்கும் ஏறவில்லை. சர்வருக்கு மின்சாரமே இன்னும் கொடுத்திருக்கவில்லை. சர்வரின் பெயரைக் கொடுக்க வேண்டிய இடத்தில் அவர் தவறுதலாகத் தன்னுடைய கணினியின் எண்ணையே கொடுத்திருந்தார். 127.0.0.1 என்ற அந்த எண்ணுக்கு உலகத்திலுள்ள எந்தக் கணினியிலும் ‘நானேதான்’ என்று அர்த்தம்.

“உங்க வீட்டுக் கதவை நீங்களே தட்டி, நீங்களே உள்ள இருந்து ‘வாங்க’ன்னு சொன்னா, பக்கத்து வீட்டுல ஆள் இருக்குன்னு ஆயிருமா?” என்று ஹெப்சி எல்லோர் முன்னாலும் கேட்டாள். இரண்டு வருடம் கழித்து அவர்கள் கல்யாணத்துக்கு அலுவலகத்தார் கொடுத்த சுவர்க் கடிகாரத்தில் அந்த எண்ணைத்தான் பொறித்திருந்தார்கள்.

அன்றைக்கு அவள் சொல்லிக் கொடுத்த முறை மிகவும் எளிது. கணினியில் காலியாக ஒரு கோப்பு உருவாக்கு. உள்ளே ஓர் எழுத்துகூட எழுதாதே. பெயரின் வாலை மட்டும் யு.டி.எல். என்று மாற்று. அதைத் திறந்தால் ஒரு சின்ன ஜன்னல் வரும். சர்வர் பெயர், ஆள் பெயர், பாஸ்வேர்டு. கீழே ‘சோதித்துப் பார்’ என்று ஒரு பொத்தான். நடுவில் தரகர் யாரும் கிடையாது, கதவை நேராகத் தட்டலாம். அதிலும் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதல் தடவை தப்பான பாஸ்வேர்டைத்தான் போட வேண்டும்.

“சரின்னு சொல்ல எந்தச் சுவரும் போதும்டி. ‘யாருடா நீ, வெளிய போ’ன்னு சொல்லத்தான் உள்ள ஆள் வேணும். முதல்ல போயி திட்டு வாங்கிட்டு வா.”

அலுவலகம் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. ‘திட்டு வாங்கியாச்சா?’ என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் எந்த வேலையும் தொடங்கும்.

சுகுணா லேப்டாப்பை மேசையில் வைத்தாள். பழசுதான், ஆனால் உயிர் இருந்தது. எத்தனை புதுமை வந்தாலும் அடியில் பழைய கதவுகளை யாரும் அடைப்பதில்லை என்பது அவள் அனுபவம்.

“சர்வருக்கு என்ன பேருங்க? சேரும்போது கேட்டிருப்பாங்களே.”

“சீலா,” என்றார் ஜெபசிங். “அவதான் வெச்சா.”

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

காலிக் கோப்பு, வால் மாற்றம், சின்ன ஜன்னல். சுகுணாவின் விரல்களுக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. பெட்டி இருக்கும் வீட்டு இணைப்பின் வழியாகவே சீலாவின் பெயரைக் கொடுத்து, ஜெபசிங்கின் பெயரைப் போட்டு, பாஸ்வேர்டு இடத்தில் ‘மூணாறு’ என்று அடித்தாள்.

“அழுத்துங்க.”

“நீங்களே அழுத்துங்க.”

“ஜெபா.”

அவர் அழுத்தினார். கண் இமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. இணைப்பு வெற்றி.

தப்பான பாஸ்வேர்டுக்கும் வெற்றி என்றால் என்ன அர்த்தம் என்று ஜெபசிங்குக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சீலா என்ற பெயருக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று பார்த்தார். சுவரில் இருந்த கல்யாணக் கடிகாரத்தில் பொறித்திருந்த அதே எண்.

“என் வீட்டுக் கதவையே தட்டிட்டு இருந்திருக்கேன்,” என்றார்.

சுகுணா உடனே ‘உடனிருப்பு’க்குப் போன் போட்டாள். பேசிய பெண் நல்ல மாதிரி, எதையும் மறைக்கவில்லை. “சர்வர் பதில் தரலைன்னா முன்னாடி பெட்டி ‘தொடர்பு இல்லை’ன்னு சொல்லும் மேடம். அதைக் கேட்டு நிறைய பேர் ரொம்ப அழுதாங்க. இன்னொரு தடவை செத்த மாதிரி இருக்குன்னாங்க. அதனால அந்த வார்த்தையையே எடுத்துட்டோம். இப்ப தொடர்பு விட்டுப்போனா, வீட்டுல பேசின பேச்சை வெச்சே பெட்டி சமாளிச்சுக்கும்.”

“எத்தனை நாளாச் சமாளிக்குது?”

“இவங்க விஷயத்துல மூணு வருஷமா மேடம்.”

பெட்டி கேட்டிருந்த பேச்செல்லாம் ஜெபசிங் பேசியது மட்டும்தான். ஆபரேஷனை நினைத்து அவர் பயந்த பயம், களைத்துப்போய்த் தனக்குள் சொல்லிக்கொண்ட ‘போதும்’, எல்லாம் ஹெப்சியின் குரலில் அவரிடமே திரும்பி வந்திருக்கிறது. அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். இதை எதற்குக் கிளறினோம் என்று சுகுணாவுக்கு அப்போது நிஜமாகவே தோன்றியது. அழுதவர்களுக்காக அந்த வார்த்தையை எடுத்தவர்கள் மீதுகூடக் கோபம் வரவில்லை.

“அப்போ அவ? சீலா? அங்கேயும் ஒண்ணுமில்லையா?” என்றார் ஜெபசிங்.

பெட்டியை ஒதுக்கிவிட்டு, லேப்டாப்பைத் தன் போன் வழியாக வெளியே இணைத்தாள் சுகுணா. அதே காலிக் கோப்பு, அதே பெயர். இந்த முறை பாஸ்வேர்டை ஜெபசிங்கே அடித்தார், அவருடைய சரியான பாஸ்வேர்டு. பொத்தானை அழுத்தியதும் ஜன்னல் யோசித்தது. எங்கேயோ தூரத்தில் யாரோ எழுந்து கதவுக்கு வருகிற நேரம் பிடித்தது.

அனுமதி மறுக்கப்பட்டது. இப்பயனரின் அனுமதி நீக்கப்பட்டுள்ளது. நீக்கியவர்: ஹெப்சிபா, உரிமையாளர்.

நீக்கம் நடைமுறைக்கு வந்த தேதியும் கீழே இருந்தது. ஹெப்சியின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை.

சுகுணா வாய்விட்டு, “அடிப்பாவி!” என்றாள்.

வெள்ளிக்கிழமை என்றால் அந்த மூன்றாவது மாடியில் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் மணி ஆறானால் ஹெப்சி ஒவ்வொருவரின் அனுமதியாக நீக்கிவிடுவாள். அவசர வேலை, வாடிக்கையாளர் காத்திருக்கிறார், மேலாளர் கொன்றுவிடுவார் என்று யார் கெஞ்சினாலும் நடக்காது. ‘உள்ள ஒண்ணும் ஓடிப்போயிராது. வீட்டைப் பாத்துப் போங்க. திங்கக்கிழமை வாங்க’ என்று கைப்பையை மாட்டிக்கொண்டு நிற்பாள். வேறு வழியில்லாமல் எல்லோரும் கீழே இறங்கி, தள்ளுவண்டியில் சூடாகக் காளான் வாங்கித் தின்றபடி ரோட்டோரம் நின்று சிரிப்பார்கள். யோசித்துப் பார்த்தால் அந்த அலுவலகத்தில் சுகுணாவுக்கு இப்போது ஞாபகமிருப்பதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலங்கள்தான்.

“ஒரு வருஷம் போதும்னு நெனச்சிருக்கா,” என்றார் ஜெபசிங். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. “ஒரு வருஷம் அழட்டும், அதுக்குப் பொறவு இவனை வெளிய தள்ளிரணும்னு உயிரோட இருக்கும்போதே எழுதி வெச்சிட்டுப் போயிருக்கா. பாருங்க, இதான் அவ. இது அவளேதான்.”

மூன்று வருடமாக எதற்கும் சரி சொன்ன குரலிடம் கிடைக்காத பெண்டாட்டி, ஒரு வரி மறுப்பில் கிடைத்துவிட்டாள். அவர் இன்னொரு தடவை பொத்தானை அழுத்தி, இன்னொரு தடவை திட்டு வாங்கினார். பிறகு எழுந்து, பெட்டியின் மின்இணைப்பைத் தன் கையாலேயே பிடுங்கினார்.

“ஷைனிகிட்ட சொல்லிருங்க. டாக்டர் சொன்ன தேதிக்கே போயிரலாம்.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஷைனி வந்து இருந்து பார்த்துக்கொண்டு ஊர் திரும்பினாள். லேப்டாப்பை சுகுணா அவரிடமே விட்டுவைத்திருந்தாள். தினமும் காலையில் பல் துலக்கியதும் அவருக்கு முதல் வேலை அந்தக் காலிக் கோப்பைத் திறந்து பொத்தானை அழுத்துவதுதான். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்ததும் சந்தோஷமாக இட்லி சாப்பிடப் போவார். சுகுணாவுக்குப் போன் செய்து, “இன்னைக்கும் வாங்கியாச்சு” என்பார்.

மழைக்காலம் தொடங்கும்போது ‘உடனிருப்பு’ தன் பழைய சர்வர்களை மூடிவிடப்போவதாக அறிவித்தது. செய்தியைப் படித்த சுகுணாவுக்குச் சோறு இறங்கவில்லை. தையல் காய்ந்து இப்போதுதான் அந்த மனிதர் வீதிமுனை வரை நடக்கிறார். ஒரு காலையில் பொத்தானை அழுத்தி, எந்தப் பதிலும் வராமல், வெறும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வீட்டில் இன்னொரு பழைய கணினி கிடந்தது. அதைத் தட்டி எழுப்பி, வருகிறவர் யாராக இருந்தாலும் அதே வாசகத்தில், அதே தேதியோடு விரட்டும்படி செய்தாள். ஜெபசிங் மதியம் தூங்கும் நேரமாகப் போய், அவருடைய லேப்டாப்பில் சீலா என்ற பெயர் இனித் தன் வீட்டு எண்ணுக்கு வரும்படி ஒரு வரியை மாற்றினாள். ‘தொடர்பு இல்லை’ என்ற வார்த்தையை எடுத்தவர்கள் செய்ததும் இதைத்தானே என்று மனசு குத்தியது. குத்தினால் குத்தட்டும் என்று லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு வந்தாள்.

அதன்பிறகு தினமும் காலையில் அவள் காப்பி ஆற்றும்போது, சமையலறை மேடையிலிருந்த திரையில் ஒரு வரி வரும். தட்டியவர்: ஜெபசிங். உடனே போன் அடிக்கும். “இன்னைக்கும் வாங்கியாச்சு.” சுகுணாவும், “சந்தோஷமுங்க” என்பாள்.

ஒருநாள் விடியற்காலையில் பேய் மழை பிடித்துக்கொண்டது. வீதி முழுக்க மின்சாரம் போனது. கணினி அணைந்துபோனதைக்கூட கவனிக்காமல் சுகுணா சன்னலோரம் சாய்ந்து தூங்கிவிட்டாள். கதவு தடதடவென்று தட்டப்பட்டு விழித்தபோது நன்றாக வெளுத்திருந்தது. வாசலில் ஜெபசிங் நின்றார், முழுக்க நனைந்து, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. வீதியில் தண்ணீருக்குள் ஓர் ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது.

“என்னங்க இது கோலம்! மழையில எதுக்கு வந்தீங்க?”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

“பதில் வரல. போன் போட்டேன், எடுக்கல. அதான் ஓடி வந்தேன்.”

“எதுலிருந்து பதில் வரலை?”

“உங்க மெஷின்ல இருந்துதான்.”

சுகுணாவின் முகம் வெளிறியது. ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். ஜெபசிங் தலையைத் துவட்டிக்கொண்டார்.

“பேரை நம்பாதே, எண்ணைப் பாருன்னு காலம் பூரா திட்டு வாங்கினவன் நான். நீங்க மாத்தின அன்னைக்கு மறுநாளே பாத்துட்டேன்.”

“அப்புறம் எதுக்குங்க தினமும் அழுத்துனீங்க?”

“நீங்க ஒத்தையில இருக்கீங்கல்லா.” அவர் துண்டை மடித்து நாற்காலியில் போட்டார். “கூப்பிட்டு விசாரிச்சா ‘எனக்கென்ன குறை’ன்னு சண்டைக்கு வருவீங்க. இது சுலபமா இருந்துச்சு. காலையில திட்டு வந்தா, சுகுணா வீட்டுல எல்லாம் சுகம்னு அர்த்தம்.”

சுகுணாவுக்கு அழுகை வந்தது. இவருக்கு உயிர் இருக்கிறதா என்று தினமும் தான் பார்த்துக்கொண்டிருந்ததாக அல்லவா நினைத்திருந்தாள்? முகத்தைக் காட்டாமல் சமையலறைக்குப் போய் அடுப்பில் பாலை வைத்தாள்.

அப்போது மின்சாரம் வந்தது. விசிறி சுற்றத் தொடங்கியது. மேடைமேல் கணினி கறுத்துக் கிடந்தது. பழசு, தானாக எழுந்துகொள்ளாது. அதை இயக்கக் கையை நீட்டினாள்.

“இன்னைக்கு என்ன கிழமை?” என்று கூடத்திலிருந்து ஜெபசிங் கேட்டார்.

சுகுணா நாட்காட்டியைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

“வெள்ளிங்க.”

“அப்போ விடுங்க. மழை விட்டதும் காளான் தின்னப் போவோம்.”